மங்கல் புள்ளிகளை எண்ணியவர்கள்

ராத்திரி பழனி மலை மேல நின்னு கீழ ஊரைப் பாத்திருக்கீங்களா? ஆயிரக்கணக்குல விளக்கு தெரியும். சிலது பளிச்சுனு, பலது மங்கலா. அந்த மங்கலான புள்ளி ஒண்ணைக் காட்டி "இது என்ன?"ன்னு கேட்டா மூணு விதமா பதில் சொல்லலாம். ஒண்ணு, பக்கத்துல எரியற ஜீரோ வாட்ஸ் பல்பு. ரெண்டு, ரொம்ப தூரத்துல எரியற ஹாலஜன். மூணு, திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால எரியற நல்ல விளக்கு. மலை உச்சியில இருந்து பாக்குறவனுக்கு மூணும் ஒண்ணு போலத்தான் தெரியும்.

குவாசார்களோட வரலாறுன்னு நான் புரிஞ்சுகிட்டது இந்த ஒரு குழப்பத்தோட வரலாறைத்தான். பிரபஞ்சத்துக்கு 'இளமை', 'முதுமை'ன்னு ஏதாவது உண்டா, இல்லை என்றைக்கும் ஒரே மாதிரிதானா என்ற பெரிய சண்டையே இந்த மங்கல் புள்ளிகளை வச்சுத்தான் நடந்தது. அதுல ஒரு காட்சி நம்ம ஊட்டியிலயும் நடந்திருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ரெண்டு வரி அடிப்படை. பெரிய கேலக்ஸி ஒவ்வொண்ணோட நடுவுலயும் ஒரு ராட்சசக் கருந்துளை இருக்கு. சூரியனைப் போல பத்து லட்சத்துல இருந்து பல நூறு கோடி மடங்கு நிறை. சும்மா கிடந்தா அது இருப்பதே தெரியாது. நம்ம பால்வீதியில இருப்பது அப்படித்தான், சுமார் 40 லட்சம் சூரிய நிறை, கிட்டத்தட்டப் பட்டினி. ஆனா வாயு வந்து விழ ஆரம்பிச்சா, விழுற வாயு சுழன்று சூடாகி எரியும். கொஞ்சமா விழுந்தா கேலக்ஸியோட மையம் மட்டும் பளபளக்கும். நிறைய விழுந்தா மொத்த கேலக்ஸியையும் மறைக்கிற அளவுக்கு வெளிச்சம், அதுதான் குவாசார். ரெண்டும் ஒரே சமாச்சாரம்தான், சாப்பாட்டு அளவு வேற.

இது எதுவும் தெரியாத காலத்துல கதை ஆரம்பிக்குது.

1948ல் ஃபிரெட் ஹொய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் மூணு பேரும் 'நிலைத்த பிரபஞ்சம்'னு ஒரு கொள்கையைச் சொன்னாங்க. பிரபஞ்சம் விரியுது, சரி. ஆனா விரிய விரிய புதுப் பொருள் உருவாகி இடைவெளியை நிரப்பிக்கிட்டே இருக்கு. அதனால என்றைக்குப் பாத்தாலும், எங்கே பாத்தாலும் சராசரியா ஒரே மாதிரி. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. என்னைக் கேட்டா அழகான கொள்கை. சோதிச்சுப் பாக்க முடியும் என்பது அதோட இன்னொரு அழகு. தூரத்துல பாக்குறதுன்னா பழைய காலத்தைப் பாக்குறது. தூரத்துப் பிரபஞ்சம் பக்கத்துப் பிரபஞ்சத்தை விட வேற மாதிரி இருந்தா கொள்கை காலி.

கேம்பிரிட்ஜ்ல ஹொய்லுக்கு அதே ஊர்லயே ஒரு எதிராளி கிடைச்சார். மார்ட்டின் ரைல். ரேடியோ அலையில வானத்தைப் பாக்குறவர். அவர் கையில எடுத்த ஆயுதம் ரொம்ப எளிமையானது: எண்ணுறது.

ஒரே மாதிரியான விளக்குகள் வெளி முழுக்கச் சீராப் பரவி இருக்குன்னு வச்சுக்குங்க. ரெண்டு மடங்கு தூரம் போனா ஒவ்வொரு விளக்கும் நாலுல ஒரு பங்கு வெளிச்சம்தான் தரும். ஆனா ரெண்டு மடங்கு தூரத்துக்குள்ள இருக்கிற கன அளவு எட்டு மடங்கு. அதனால நாலு மடங்கு மங்கலான விளக்கு வரைக்கும் எண்ணினா மொத்த எண்ணிக்கை எட்டு மடங்கு ஆகணும். எட்டுக்கு மேல வந்தா, தூரத்துல, அதாவது பழைய காலத்துல, விளக்கு அதிகம்னு அர்த்தம். நிலைத்த பிரபஞ்சத்துல எட்டுக்குக் குறைவாத்தான் வரணும், ஏன்னா விரிவு தூரத்து வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் தின்னுடும்.

1955ல் ரைல் தன்னோட 2சி பட்டியலை வெளியிட்டார். 1936 ரேடியோ மூலங்கள். எட்டு மடங்கு எங்கே, அவர் வரைந்த கோட்டின்படி அறுபது மடங்கு வந்தது! நிலைத்த பிரபஞ்சம் செத்துப்போச்சுன்னே அறிவிச்ச மாதிரி ஆச்சு. ஆனா ஆஸ்திரேலியாவுல பெர்னார்ட் மில்ஸ் குழு வேற கருவியில அதே வானத்தைப் பாத்தாங்க. ரெண்டு பட்டியலும் ஒத்துப் போகவே இல்லை. ரைலோட கருவி ஒரே நேரத்துல வானத்துல பெரிய பரப்பைப் பாக்குற மாதிரி அமைஞ்சது. நாலஞ்சு மங்கல் மூலங்கள் ஒண்ணா விழுந்து ஒரு மூலமாத் தெரிஞ்சிருக்கு. மங்கல் எல்லையில அவர் எண்ணினதுல பாதிக்கு மேல வெறும் குழப்பம். சிக்னல் எது நாய்ஸ் எதுன்னு தெரியாத எல்லையில போய் உக்காந்துகிட்டு எண்ணிக்கை எடுத்தா இதுதான் கதி. இதை இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷப் பையனே சொல்லுவான்னு நமக்கு இன்னைக்குத் தோணும். அன்னைக்கு அந்தத் துறையே புதுசு, எல்லை எங்கேன்னே தெரியாது.

ரைல் விடலை. 3சி பட்டியல், அப்புறம் இன்னும் கவனமான 4சி அளவீடுகள்னு போனார். 1961 பிப்ரவரியில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். அவரோட ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்த முல்லார்ட் கம்பெனி ஏற்பாடு. ஹொய்லையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு, ஹொய்லை மேடையில உக்கார வச்சிருக்காங்க. கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வைக்கிறாங்கன்னா முடிவு நமக்குச் சாதகமாத்தான் இருக்கும்னு நம்பிப் போனதா ஹொய்ல் பின்னாடி தன் சுயசரிதையில எழுதினார். ரைல் வந்து புள்ளிவிவரத்தைப் படிச்சார். இந்தத் தடவை அறுபது இல்லை, பன்னிரண்டு. ஆனாலும் எட்டை விட அதிகம். நிலைத்த பிரபஞ்சத்துக்கு எதிரானது. உடனே பத்திரிகைக்காரங்க ஹொய்ல் பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. மனுஷன் நிலைமையை நினைச்சுப் பாருங்க. எண்ணிக்கையில ரைல் சரிதான். ஆனா செஞ்ச விதம் எனக்குப் பிடிக்கலை.

ஹொய்லும் சும்மா இருக்கலை. அப்போ அவர்கிட்ட ஆராய்ச்சி மாணவரா இருந்தவர் கோலாப்பூர்ல பிறந்த ஜெயந்த் நார்லிகர். ரெண்டு பேரும் சேர்ந்து அதே 1961ல் ஒரு பதில் எழுதினாங்க. தூரத்துல விளக்கு அதிகம்னு ஏன் சொல்லணும்? நம்ம பக்கத்துல தற்செயலாக் கொஞ்சம் குறைவா இருக்கலாமே? பக்கத்துல ஒரு பள்ளம் இருந்தா தூரத்துல மேடு மாதிரித் தெரியும். சாமர்த்தியமான வாதம். இதை அப்படியே தள்ளிவிட முடியாது, ஏன்னா அந்த ரேடியோ மூலங்கள்ல பெரும்பாலானதுக்குத் தூரம் என்னன்னு யாருக்குமே தெரியாது. மங்கலா இருக்கு, அவ்வளவுதான். ஜீரோ வாட்ஸா, ஹாலஜனா?

தூரம் தெரியணும்னா அந்தப் புள்ளி வானத்துல துல்லியமா எங்கே இருக்குன்னு முதல்ல தெரியணும். அப்பத்தான் சாதாரணத் தொலைநோக்கியில அதைத் தேடிப் பிடிச்சு நிறமாலை எடுக்க முடியும். அன்றைய ரேடியோ தொலைநோக்கிக்குப் பார்வை மங்கல். இங்கதான் நிலா உதவிக்கு வருது.

நிலா வானத்துல நகர்ந்து போகும்போது வழியில இருக்கிற ரேடியோ மூலத்தை மறைக்கும். நிலா அந்த நொடியில எங்கே இருந்ததுன்னு நமக்கு அத்துப்படி. அலை எப்போ நின்னுச்சு, எப்போ திரும்ப வந்துச்சுன்னு குறிச்சுகிட்டா மூலத்தோட இடம் கிடைச்சிடும். 1962ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில சிரில் ஹஸார்டும் கூட்டாளிகளும் 3சி 273 என்ற மூலத்துக்கு இதைச் செஞ்சாங்க. நிலா அடிவானத்துக்குப் பக்கத்துல இருந்ததால தட்டு அவ்வளவு கீழே சாயாது. அதனால தடுக்கிற பாகங்களைக் கழற்றி, மறைச்ச மரங்களை வெட்டி, எப்படியோ சாய்ச்சிருக்காங்க. கிடைச்ச இடத்துல பாத்தா ஒரு நீல நட்சத்திரம். கலிஃபோர்னியாவுல மார்ட்டன் ஷ்மிட் அதோட நிறமாலையை எடுத்தார். கோடுகள் எதுவும் தெரிஞ்ச தனிமத்தோட ஒத்துப் போகலை. 1963 பிப்ரவரி 5ஆம் தேதி அவருக்குப் பொறி தட்டுச்சு. அது சாதாரண ஹைட்ரஜன்தான், சிவப்புப் பக்கமா 16 சதவீதம் தள்ளிப் போயிருக்கு. அந்தச் செம்பெயர்ச்சிப்படி தூரம் சுமார் 240 கோடி ஒளியாண்டு. அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு ஒரு சின்னத் தொலைநோக்கியில தெரியுதுன்னா, பால்வீதி மாதிரி நூறு கேலக்ஸியோட வெளிச்சம் வேணும். முதல் குவாசார். ஹாலஜன்னு நிரூபணம் ஆன முதல் விளக்கு.

இந்தக் கட்டுரைகள் 1963ல் நேச்சர் இதழ்ல வந்தது. அதைப் படிச்சவர்கள்ல ஒருத்தர் கோவிந்த் ஸ்வரூப். ஸ்டான்ஃபோர்டுல முனைவர் பட்டம் முடிச்சு, ஹோமி பாபா கூப்பிட்டதால மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த வருஷம்தான் திரும்பி வந்திருந்தார். ஷ்மிட் பிறந்த அதே 1929ல் பிறந்தவர். ஹஸார்ட் ஒரு மூலத்துக்குச் செஞ்சதை ஆயிரம் மூலத்துக்குச் செஞ்சா என்னன்னு யோசிச்சார். மேலைநாட்டுக்காரன் கிலோமீட்டர் கணக்குல தொலைநோக்கிகளை இணைச்சுப் பார்வையைக் கூர்மையாக்கறான். நம்மகிட்ட அதுக்குக் காசு இல்லை. ஆனா நிலா இருக்கு. நிலாவுக்கு வாடகை கிடையாது.

சாதாரணத் தட்டு போதாது. மங்கலான மூலங்களைப் பிடிக்க பெரிய பரப்பு வேணும், நிலாவை மணிக்கணக்குல பின்தொடரவும் வேணும். ஸ்வரூப் யோசிச்ச வடிவம் நீளமான ஒரு பாதி உருளை. அதோட அச்சு பூமியோட அச்சுக்கு இணையா இருந்தா ஒரே ஒரு சுழற்சியில நாள் முழுக்க வானத்தைப் பின்தொடரலாம். அச்சை இணையா வைக்கணும்னா உருளையை அந்த ஊர் அட்சரேகை அளவுக்கு வடக்கு-தெற்காச் சாய்க்கணும். ஐரோப்பாவுல 50 பாகை சாய்க்கணும், நடக்கிற காரியமா? தென்னிந்தியாவுல 11 பாகை போதும். 11 பாகை சரிவுள்ள, வடக்கு-தெற்காப் படுத்திருக்கிற ஒரு மலைச்சரிவைக் கண்டுபிடிச்சா பூமியே சாய்ச்சுக் கொடுத்த மாதிரி.

அந்தச் சரிவு கிடைச்ச இடம் ஊட்டிக்குப் பக்கத்துல முத்தோரை. உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அதே முத்தோரைதான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள், அதுக்குக் குறுக்கே 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள், அந்தக் கம்பிகள்தான் கண்ணாடி. சுமார் 92 செ.மீ அலைநீளத்துக்குக் கம்பி வேலியே கண்ணாடி மாதிரி வேலை செய்யும். வடிவமைப்புல இருந்து கட்டுறது வரைக்கும் எல்லாம் உள்ளூர்லயே. பாபா 1966ல் விமான விபத்துல இறந்துட்டார், முடிஞ்சதைப் பாக்கலை. 1970ல் தொலைநோக்கி வேலைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு எலும்புக்கூடு ஒண்ணு மலையில சாஞ்சு கிடக்கிறதை நினைச்சுப் பாருங்க.

இப்போ வேலை எப்படின்னா, நிலா வானத்துல ஒரு நொடிக்கு ஏறக்குறைய அரை விகலை நகரும். விகலைன்னா ஒரு பாகையில 3600ல ஒரு பங்கு. மூலம் பொட்டு மாதிரி இருந்தா நிலா விளிம்பு பட்டதும் அலை சட்டுனு நிக்கும். அகலமா இருந்தா மெதுவாக் குறையும். இருபது நொடி எடுத்துக்கிட்டு குறைஞ்சா அதோட அளவு சுமார் பத்து விகலை. ரெண்டு படியாக் குறைஞ்சா மூலத்துக்கு ரெண்டு பாகம் இருக்கு. பல ரேடியோ கேலக்ஸிகள் அப்படித்தான், மையத்துல இருந்து ரெண்டு பக்கமும் லட்சக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். இன்னொரு வசதி, எந்த மூலத்தைப் பாக்கணும்னு மனுஷன் தேர்ந்தெடுக்கலை, நிலா தேர்ந்தெடுக்குது. பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோமே, அந்தச் சோத்தை நாமளா பொறுக்கி எடுத்தா பதம் தப்பாப் போகும். நிலாவுக்கு அந்த ஆசாபாசம் எல்லாம் கிடையாது.

1975ல் ஸ்வரூப் ஒரு கட்டுரையும், அவரோட மாணவர் விஜய் கபாஹி ஒரு கட்டுரையும் வெளியிட்டாங்க. பிரகாசமான மூலங்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டியல், மங்கலானதுக்கு ஊட்டி அளவுகள். மங்க மங்க மூலத்தோட கோண அளவும் சிறுத்துக்கிட்டே போகுதுன்னு காட்டினாங்க. இதுல என்ன பெரிய விஷயம்? மங்கல் மூலங்கள் பக்கத்துல இருக்கிற ஜீரோ வாட்ஸா இருந்திருந்தா அளவு பெருசாத் தெரிஞ்சிருக்கணும். சிறுசாத் தெரியுதுன்னா அது தூரத்து ஹாலஜன்தான். அப்போ ரைல் எண்ணின அதிகப்படி புள்ளிகளும் தூரத்துல இருக்கிறதுதான், பக்கத்துப் பள்ளம் ஏற்படுத்தின மாயை இல்லை. பழங்காலத்துல இந்த மூலங்கள் நிஜமாவே நிறைய இருந்தது, அளவுலயும் சிறுசா இருந்ததுன்னு கபாஹி கணக்குப் போட்டார். பிரபஞ்சத்துக்கு வயசாகுது!

"பெருவெடிப்பை நிரூபிச்சது ஊட்டி"ன்னு இதை எழுதினா அது ரொம்ப ஓவர். 1965லயே பென்ஸியாஸும் வில்சனும் பெருவெடிப்போட மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடிச்சதை வெளியிட்டாச்சு. பெரும்பாலான ஆளுங்க அன்னைக்கே கட்சி மாறிட்டாங்க. ஆனா ரைலோட எண்ணிக்கைச் சண்டைக்கு, முற்றிலும் வேற வழியில, தூரமே தெரியாம ஒரு பதில் கொடுத்தது என்ற பெருமை முத்தோரைக்கு உண்டு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், 1972ல் இங்கிலாந்துல இருந்து திரும்பின நார்லிகரும் இதே டாடா நிலையத்துலதான் சேர்ந்தார். அங்க ஒரு அறையில பிரபஞ்சம் மாறுதுன்னு சாட்சி, இன்னொரு அறையில மாறலைன்னு வாதாடினவர். பின்னாடி இருவரும் தொடங்கி வளர்த்த நிறுவனங்கள் கூட புனே பல்கலைக்கழக வளாகத்துல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. நார்லிகர் 2025ல் இறக்குற வரைக்கும் வழக்கமான பெருவெடிப்பு விளக்கத்தை ஏத்துக்கலை.

இதுக்கு நடுவுல ஷ்மிட் வேற திசையில போய்க்கிட்டிருந்தார். குவாசார்களுக்குத் தூரம் தெரியும், அதனால இன்னும் நேரடியாக் கேக்கலாம். 1968ல் அவர் செஞ்சது இது. ஒரு குவாசாரை எடுத்துக்குங்க. இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி வச்சா அது நம்ம பட்டியல்ல இருந்து விழும்? அந்த எல்லைக்குள்ள இருக்கிற கன அளவுல, அது இப்போ உள்பாதியில இருக்கா, வெளிப்பாதியில இருக்கா? சீராப் பரவி இருந்தா பாதிக்குப் பாதி இருக்கணும். ஆனா குவாசார்கள் வெளிப்பாதியிலதான் அதிகம் கூடி நின்னது. மங்கல் எல்லைக்கு ஏற்படுற சார்பு எல்லாம் இந்த முறையில தானா அடிபட்டுப் போயிடும். ஒரு பின்னம், அவ்வளவுதான். பழைய காலத்துல குவாசார் அடர்த்தி இன்னைக்கு இருப்பதைப் போல நூறு மடங்கு அளவுல இருந்திருக்குன்னு தெரிஞ்சது.

அப்புறம் 30 வருஷம் பட்டியல் நீண்டுகிட்டே போச்சு. 2004ல் முடிஞ்ச ஆஸ்திரேலிய ஆய்வு ஒண்ணு மட்டும் 23,000க்கு மேல குவாசார் கொடுத்தது. வரைபடம் தெளிவாச்சு. பிரகாசமான குவாசார்களோட பொற்காலம் ஆயிரம் கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. பிரபஞ்சத்துக்கு இன்னைக்கு 1380 கோடி வயசுன்னா, அதோட முதல் கால்வாசி. அதுக்கப்புறம் இறங்குமுகம். மங்கலானதுகளும் இதே கதைதான், எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல மங்கி வருதுன்னு ஒரு கணக்கு 1980கள்ல வந்து, ரொம்ப நாள் பாடம் மாதிரி இருந்தது.

அந்தப் பாடத்தை மாத்தினது எக்ஸ்ரே. அங்கயும் நிலாதான் தொடக்கம், வேடிக்கையைப் பாருங்க. 1962 ஜூன் 18ஆம் தேதி, ரிக்கார்டோ ஜியாக்கோனி குழு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவுல இருந்து ஒரு சின்ன ராக்கெட் விட்டாங்க. நிலாவுல இருந்து எக்ஸ்ரே வருதான்னு பாக்கத்தான். பறந்தது சில நிமிஷம். நிலாவுல இருந்து ஒண்ணும் தெரியலை. அதுக்குப் பதிலா விருச்சிகம் பக்கம் ஒரு பலமான மூலம், கூடவே வானம் முழுக்கச் சீரா ஒரு மங்கல் எக்ஸ்ரே ஒளி. அந்த ஒளி எங்கே இருந்து வருதுன்னு தெரிய ஏறக்குறைய 40 வருஷம் ஆச்சு. 1990ல் ரோசாட் செயற்கைக்கோள் நிலாவை எக்ஸ்ரேயில படம் எடுத்தப்போ, நிலாவோட இருட்டுப் பாதி பின்னால இருக்கிற வானத்தை விடக் கறுப்பாத் தெரிஞ்சது. வானத்து வெளிச்சத்தை நிலா மறைக்குது!

அந்த வானத்து வெளிச்சத்தைத் தனித்தனிப் புள்ளியாப் பிரிச்ச பெருமை 1999ல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கிக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகரோட பேர்தான். வானத்துல வெறுமையான ஒரு துண்டை, முழு நிலாவுல மூணுல ரெண்டு பங்கு அளவுதான், திரும்பத் திரும்பப் பாத்தாங்க. 2016 வரைக்கும் சேர்த்து 70 லட்சம் நொடி, அதாவது சுமார் 81 நாள். அதுல 1008 மூலங்கள். பத்துக்கு ஏழு, சாப்பிட்டுக்கிட்டிருக்கிற கருந்துளை. முழு நிலா அளவு வானத்துல இந்த மாதிரி 5000 இருக்கும்னு கணக்கு.

எக்ஸ்ரேக்கு ரெண்டு குணம். தூசியைத் துளைக்கும், அதனால திரை போட்ட ஜன்னல் விளக்கும் ஓரளவு தெரியும். கேலக்ஸியோட நட்சத்திர வெளிச்சம் அதுல குறுக்கிடாது, அதனால ஜீரோ வாட்ஸ் கருந்துளையும் தெரியும். 1943ல் கார்ல் சைஃபர்ட் ஆறு கேலக்ஸிகளோட மையம் விசித்திரமா ஒளிர்வதைப் பாத்து எழுதினார். குவாசாரோட ஏழைச் சொந்தக்காரங்க அவங்க. இது தெரியறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1960ல், கார் விபத்துல போயிட்டார். அவர் பாத்த வகை மங்கல் கருந்துளைகளை இப்போ பல நூறு கோடி ஒளியாண்டு தூரம் வரைக்கும் எண்ண முடிஞ்சது.

2003லிருந்து 2005க்குள்ள பல குழுக்கள் எண்ணி முடிச்சாங்க. வந்த விடை பாடத்துக்கு நேர் எதிர். பிரகாசமான குவாசார்கள் ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னாடி உச்சம், அதுல மாத்தம் இல்லை. ஆனா மங்கலானதுகளோட உச்சம் அதுக்கப்புறம் 400 கோடி வருஷம் தள்ளி, 600 கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான்! எல்லாம் சேர்ந்து மங்கலை. பெரியவங்க முதல் பந்தியில உக்காந்து சாப்பிட்டு எழுந்து போயிட்டாங்க, சின்னவங்க அப்புறம் வந்து நிதானமாச் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. 2005ல் இதைச் சொன்ன முக்கியமான கட்டுரையை எழுதினவங்க மூணு பேர்: ஹாசிங்கர், மியாஜி, ஷ்மிட். ஆமாங்க, அதே மார்ட்டன் ஷ்மிட். 1963ல் முதல் குவாசாரைப் படிச்சவர், 42 வருஷம் கழிச்சு மங்கலானதுகளோட கணக்கையும் எழுதினார். 2022ல் 92 வயசுல இறந்தார்.

இது ஏன் இடிச்சதுன்னா, பிரபஞ்சத்துல எல்லாம் சிறுசுல இருந்து பெருசா வளருதுன்னுதான் கோட்பாடு. சின்னக் கேலக்ஸிகள் சேர்ந்து பெரிய கேலக்ஸி. அப்போ கருந்துளையும் சின்னது முதல்ல, பெருசு கடைசியிலன்னு தானே வரணும்? நடந்தது தலைகீழ். இப்போ சொல்லப்படுற விளக்கம், வாயு நிறைஞ்ச அந்த ஆரம்ப காலத்துல, கூட்டமான இடத்துல பிறந்த கேலக்ஸிகள் மோதி, கருந்துளை வேகமாச் சாப்பிட்டு, தான் வெளியேத்தின சக்தியாலயே சுத்தி இருந்த வாயுவை ஊதித் தள்ளிடுச்சு. சமையல்காரனையே விரட்டிட்ட மாதிரி. ஒதுக்குப்புறமான சின்னக் கேலக்ஸிகள்ல வாயு இன்னும் மிச்சம் இருந்ததால அங்கே மெதுவாத் தொடர்ந்தது. விளக்கத்துல ஓட்டை நிறைய இருக்கு, ஆனா எண்ணிக்கையில இல்லை.

சரி, எல்லாத்தையும் எண்ணியாச்சான்னா, அங்கதான் 2021 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஏவின ஜேம்ஸ் வெப் வந்து குட்டையைக் கலக்கிடுச்சு. பெருவெடிப்புக்கு அப்புறம் 60 கோடி வருஷத்துல தலைகாட்டி, 150 கோடி வருஷத்தோட பெரும்பாலும் காணாம போற ஒரு கூட்டம். படத்துல குட்டியா, சிவப்பா, பொட்டு மாதிரி இருக்கும். 'சின்னச் சிவப்புப் புள்ளிகள்'னே பேர் வச்சுட்டாங்க. நிறமாலையில பல புள்ளிகளுக்கு ஹைட்ரஜன் கோடு அகலமா விரிஞ்சிருக்கு, கருந்துளையைச் சுத்தி வேகமா ஓடுற வாயுவோட அடையாளம் அது. எண்ணிக்கையோ, பிரகாசமான குவாசார்களை வச்சு அந்தக் காலத்துக்குப் போட்டிருந்த கணக்கை விடப் பல மடங்கு அதிகம். அவ்வளவும் கருந்துளைதானா, சிவப்பு நிறம் தூசியாலயா, இல்லை கருந்துளையைப் போர்வை மாதிரி மூடியிருக்கிற அடர்த்தியான வாயுவாலயா, நிறையை எப்படிக் கணக்கிடுறதுன்னு அடிதடி நடந்துக்கிட்டிருக்கு. ரைலும் மில்ஸும் போட்ட சண்டையைப் படிச்சுட்டு இதைப் படிச்சா ரொம்பப் பழக்கமான குரலா இருக்கும்.

இதுல ஒரு சிக்கல்தான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. சந்திரா 81 நாள் உத்துப் பாத்த அதே துண்டு வானத்தை ஜேம்ஸ் வெப்பும் பாத்திருக்கு. சிவப்புப் புள்ளிகள் அங்கேயும் இருக்கு. திரையைத் துளைக்கிற எக்ஸ்ரேயில அந்த இடங்களைப் போய்ப் பாத்தாங்க. ஒவ்வொண்ணாப் பாத்தா தெரியலைன்னு, பல புள்ளிகளோட படங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியும் பாத்தாங்க. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதைத் தவிர, மத்ததெல்லாம் இருட்டு.